மாமாவின் வலது கால்

அந்த ஆயில் கடைக்குப் போகிறவர்கள் கேட்டதை வாங்கிக்கொண்டு உடனே திரும்பிவிட முடியாது. கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவன் விடமாட்டான். என்ன வண்டி, எந்தக் காலத்து வண்டி, பாரம் ஏற்றுவீர்களா, மேடு ஏறுவீர்களா, கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று சம்பந்தம் பேச வந்தவன் மாதிரி ஆதியோடந்தமாக விசாரிப்பான். விசாரித்து முடித்ததும் பாடம் தொடங்கும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றுகிற சிவப்பு ஆயிலைப் பற்றிக் கேட்டுவிட்டால் போச்சு, அன்றைக்குக் கேட்டவருக்கு வேலை கெட்டது. அவசரத்தில் இருக்கும் டிரைவர்கள் வாசலில் நின்றபடி, "புரொபசர் சாப்பிடப் போயிட்டாரா?" என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள்.

அவனுக்கு முப்பத்தெட்டு வயது. படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. இருந்தாலும் அந்தத் தெருவுக்கு அவன் ஆயில் புரொபசர். அந்தப் பெயரில் கிண்டல் பாதி, மரியாதை பாதி. கிண்டலைக் கழித்துவிட்டு மரியாதையை மட்டும் அவன் எடுத்துக்கொண்டான்.

குடியிருந்தது அக்கா வீட்டு மாடி அறையில். முன்பு வேலை பார்த்த கம்பெனியை மூடியபோது, பத்து நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று ஒரு பெட்டியோடு வந்தவன். அந்தப் பத்து நாள் வருடக்கணக்கில் நீண்டுவிட்டது. போ என்று யாரும் சொல்லவில்லை. அக்கா மட்டும் அவ்வப்போது, "உனக்குன்னு ஒரு குடும்பம் குட்டி வேணாமாடா?" என்பாள். அவள் கணவர் குறுக்கே விழுந்து காப்பாற்றுவார். "விடு. அவன் இருக்கிறதாலதான் நம்ம வீட்டுல பேச்சுச் சத்தமே கேக்குது."

அவரை அவன் மாமா என்று கூப்பிடுவான். அவருக்கு அவன் மாப்ளே. மாமாவுக்குக் கண்ணாடி வியாபாரம். வீட்டின் கீழ்ப்பகுதிதான் கடை. கம்பளித் துணி விரித்த பெரிய மேஜை, சுவரில் சாய்த்து வைத்த கண்ணாடிப் பலகைகள், எந்நேரமும் காலடியில் நறநறக்கிற தூள். ஜன்னல் கண்ணாடி, அலமாரிக் கண்ணாடி, ஆள் உயர நிலைக்கண்ணாடி எல்லாம் அளவெடுத்து அறுத்து, தன் வண்டியிலேயே கொண்டுபோய்ப் பொருத்திக் கொடுப்பார். மென்மையாகப் பேசுகிறவர். கண்ணாடியோடு பழகிப் பழகி மனுஷரும் அதட்டத் தெரியாமல் போய்விட்டார் என்று அக்கா சொல்வாள்.

அவருக்கு இடது கால் சரியில்லை. நரம்புக் கோளாறு. அது வந்த விதம் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒருநாள் வெளியே போய்விட்டு வந்தவர் ஒற்றைச் செருப்போடு வாசலில் நின்றார். மற்றது தெருவில் எங்கே கழன்றது என்று அவருக்கே தெரியவில்லை. அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்த மாதமே கிளட்ச்சின் மேல் கால் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்த்து ஓட்ட வேண்டிய நிலை வந்தபோது அந்தச் சிரிப்பு அவள் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. டாக்டர் சொன்னார்: "இடது காலோட நின்னாலும் நிக்கும். வலது காலுக்கு வந்தாலும் வரும். பாத்துக்குவோம்." அந்த 'வந்தாலும் வரும்' என்ற சொல்லைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை. பேசினால் அது காதில் கேட்டு எழுந்து வந்துவிடும் என்பதுபோல.

அதற்குப் பிறகுதான் மாமா அந்த ஆட்டோமேட்டிக் பிக்கப்பை வாங்கினார். வாங்கும்போதே கிழவண்டி. ஆனால் அதில் கிளட்ச் கிடையாது. இரண்டே பெடல், இரண்டுக்கும் வலது கால் போதும். பின்னால் கூரை வடிவத்தில் மரச்சட்டம் அடித்து, அதன் இரண்டு பக்கமும் கண்ணாடிகளை நிற்க வைத்துக் கட்டுவார். வண்டி குலுங்காமல் கியர் மாறும். கண்ணாடிக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? "எனக்கு ஒரு கால் போச்சு, இது மூணாவது காலா வந்து சேந்துச்சு" என்பார்.

ஒருநாள் சாயங்காலம் டீ குடிக்கும்போது மாமா பேச்சை எடுத்தார். "மாப்ளே, கியர்பாக்ஸ் ஆயில் கறுத்துப் போயிருக்கு. உன் கடையில ஏதாவது பாரேன்."

அந்த வாரம்தான் ஒரு கம்பெனி ஆள் கடைக்கு வந்து, புதிதாக இறக்கிய உயர்ரக ஆயிலைப் பற்றி அளந்துவிட்டு, "நீங்க சொன்னா நாலு பேர் வாங்குவாங்க சார்" என்று அவன் கையில் ஒரு பெரிய கேனை அன்பளிப்பாகத் திணித்துவிட்டுப் போயிருந்தான். தங்க நிற மூடி போட்ட கேன். சார் என்ற சொல் அவன் காதில் இரண்டு நாள் இனித்துக்கொண்டிருந்தது. அந்தக் கேனைத்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் தோளில் சுமந்து வந்து மாமாவின் முன்னால் வைத்தான்.

"இருக்கிறதுலயே விலை கூடினது மாமா."

"அட, எதுக்குப்பா இவ்வளவு? எவ்வளவு ஆச்சு?"

"அதைக் கேக்காதீங்க. உங்ககிட்ட காசு வாங்குவேனா?"

சொன்னது எல்லாமே உண்மை. சேர்த்துப் பார்த்தால் பொய். மாமாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது அவனுக்கே தான் காசு கொடுத்து வாங்கியதுபோலத் தோன்றியது. இத்தனை காலம் அந்த வீட்டில் தின்ற சோற்றுக்கு ஏதோ கொஞ்சம் திருப்பிச் செய்துவிட்ட திருப்தி.

அக்கா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். "கியர் மெக்கானிக்கை ஒரு வார்த்தை கேட்டுட்டு ஊத்தேன்டா."

"அவரே என்னைக் கேட்டுட்டுத்தான்க்கா ஊத்துறாரு."

மாமாவும் லேசாகத் தயங்கினார். "இதுவரைக்கும் ஊத்தினதையே ஊத்தினா போதாதா? மட்டமா இருந்தாலும் வண்டிக்குப் பழகினது."

"வண்டியும் பழசு, நீங்களும் பழசு. ஆயிலாவது புதுசா இருக்கட்டும் மாமா."

மூவரும் சிரித்தார்கள். அவன் சட்டையைக் கழற்றிவிட்டு வண்டிக்கு அடியில் படுத்து, கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றிப் பழைய ஆயிலை வடித்து, புதியதை ஊற்றினான். கடையில் எந்தக் கேனையும் பின்பக்கம் திருப்பி, எந்தெந்தக் கியர்பெட்டிக்கு ஆகும், எதற்கு ஆகாது என்று படித்துப் பார்க்காமல் ஒருவருக்கும் அவன் கொடுத்ததில்லை. அன்றைக்கு அதைத் திருப்பவில்லை. கொடுக்கிறவனாக நிற்கிற சந்தோஷத்தில் அந்த யோசனையே எழவில்லை.

முதலில் வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது. கியர் மாறுவதே தெரியவில்லை என்று மாமா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். "எங்க மாப்ளை கைராசி" என்று சொல்லும்போது அவன் தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டான்.

பிறகு மெல்ல மெல்ல மாறியது. மேடு வந்தால் வண்டி ஒரு கணம் தயங்கும். அதன் பிறகு எஞ்சின் இரையும், வண்டி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். மாமா இதை யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் முடிவெட்டும் கடைக்குச் சுவரளவு நிலைக்கண்ணாடி ஒன்றைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. தூக்கிப் பிடிக்க அவனும் கூடப் போனான். கடைத்தெரு முனையில் சிறிய ஏற்றம். மாமா மிதித்தார். எஞ்சின் தொண்டை கிழியக் கத்தியது, வண்டி நகரவில்லை. அடுத்த கணம் யாரோ பின்னாலிருந்து எட்டி உதைத்ததுபோல முன்னால் பாய்ந்தது. மாமா பிரேக்கை அழுத்தினார். பின்னால் சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை, டிக் என்றது. கண்ணாடி வேலை செய்கிறவர்களுக்கு அந்த டிக் போதும். இறங்கிப் பார்த்தால் மேல் மூலையிலிருந்து கீழ் மூலைவரை ஒரே கோடு.

"ஏன் மாமா இப்படிப் போட்டு மிதிக்கிறீங்க? மெதுவா மிதிக்கக் கூடாதா?" என்றான் அவன்.

"ரொம்ப அழுத்தியா மிதிச்சேன்?"

"எஞ்சின் கத்தின கத்து உங்களுக்குக் கேக்கலையா?"

மாமா குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். புதிதாக வீட்டுக்கு வந்த ஆளைப் பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்தார். அப்போதுதான் அவனுக்கும் சுருக்கென்றது. வந்தேவிட்டதா அந்த 'வந்தாலும் வரும்'? பாவம் மனுஷர், அவரைப் போய் அதட்டிவிட்டோமே என்றுதான் அன்று அவன் வருந்தினான். வருந்த வேண்டியது அதற்கு இல்லை என்று தெரிந்தது இன்னும் கொஞ்ச நாள் கழித்து.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை. செங்கல் ஏற்றுகிற ஒருவர் ஆயில் கடைக்கு வந்தார். அவரிடம் இருந்ததும் கிட்டத்தட்ட மாமாவின் வண்டி வயதுள்ள ஆட்டோமேட்டிக் பிக்கப். அலமாரியில் வரிசையாக நின்ற தங்க மூடிக் கேன்களைக் காட்டி, "இது நல்லா இருக்குமா?" என்று கேட்டார்.

அவன் கை பழக்கதோஷத்தில் கேனை எடுத்துப் பின்பக்கம் திருப்பியது. வாய் தானாகப் படித்தது. புதுவகைப் பெட்டிகளுக்கு மட்டும். பழைய வகைகளுக்கு ஊற்றக் கூடாது.

"இது உங்க வண்டிக்கு ஆகாதுங்க" என்று பாடத்தைத் தொடங்கினான். "பழைய பெட்டிக்குள்ள தட்டுத் தட்டா இருக்கும். ஒண்ணையொண்ணு இறுக்கிப் பிடிச்சாத்தான் வண்டி நகரும். உங்க பழைய ஆயில் அந்தப் பிடிப்பைக் கொடுக்கும். இது வழவழப்பு ஜாஸ்தி. புதுப் பெட்டிக்கு அதுதான் வேணும். பழசுல ஊத்தினா ஆரம்பத்துல சுகமாத்தான் இருக்கும். போகப் போகத் தட்டுக்குப் பிடி கிடைக்காது. நீங்க மிதிப்பீங்க, எஞ்சின் கத்தும், வண்டி..."

அதோடு நின்றுவிட்டான்.

"வண்டி?" என்றார் வந்தவர்.

"நகராது."

"அப்புறம்?"

"அப்புறம் திடீர்னு பாயும்."

"நல்லவேளை, கேட்டுட்டு வாங்கினேன்" என்று அவர் பழைய வகை ஆயிலை வாங்கிக்கொண்டு கும்பிடாத குறையாகப் போனார். அவன் கேனைக் கீழே வைக்க மறந்து நின்றான்.

மத்தியானமே கடையில் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தான். போனதும் சொல்லிவிடுவது என்றுதான் நினைத்தான். வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கினான். கூடத்தில் நுழைந்தபோது மாமா நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலது பாதம் அக்காவின் மடியில். அவள் துடைப்பத்திலிருந்து உருவிய ஒரு குச்சியால் உள்ளங்காலில் அங்கங்கே தொட்டுக்கொண்டிருந்தாள்.

"இங்க?"

"தெரியுது."

"இங்க?"

"தெரியுது."

"விரலுக்கு அடியில?"

மாமா யோசித்தார். "தெரியுற மாதிரிதான் இருக்கு."

அக்கா நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். அவள் கண்கள் சிவந்திருந்தன. "என்னடா இந்நேரத்துல?"

"தலைவலி" என்றான். மாடிக்கு ஏறிவிட்டான்.

அன்றைக்குச் சொல்லாதது அடுத்த நாளைக்கு இரண்டு மடங்கு கனத்தது. குற்றத்துக்கு வட்டி உண்டு என்பது அவனுக்கு அந்த நாட்களில்தான் தெரிந்தது. ஆயிலை மாற்றி ஊற்றிவிட்டால் வண்டி சரியாகிவிடும், வண்டி சரியானால் மாமா தன் கால் சரியாகிவிட்டதாக நினைத்துக்கொள்வார், யாருக்கும் ஒன்றும் தெரிய வேண்டாம் என்று ஒரு கணக்குப் போட்டான். மாமாவிடம் போய் நைசாகப் பேச்சுக் கொடுத்தான்.

"வண்டி சும்மாத்தானே நிக்குது மாமா. ஒரு சர்வீஸ் பண்ணி வெச்சிடட்டுமா?"

"வண்டிக்கு என்னப்பா? நீ கை வெச்ச வண்டி. குத்தம் என் கால்ல." அவர் சாவியை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். "இனிமே அதைத் தொடவே பயமா இருக்கு மாப்ளே. கண்ணாடி உடைஞ்சா வேற அறுத்துக்கலாம். ரோட்டுல ஒரு பிள்ளை குறுக்க வந்தா?"

அவன் ஏதோ முனகிவிட்டு நகர்ந்தான். வாய்வரை வந்ததைத் தண்ணீர் குடித்து உள்ளே தள்ளினான்.

கண்ணாடிகளை வாடகை வண்டியில் அனுப்ப ஆரம்பித்தார்கள். வண்டிக்காரர்கள் படுக்கப் போட்டுக் கட்டுவார்கள். பாதி வழியில் விரிசல் விடும். மாமா வாசலில் நின்று, "நிக்க வெச்சுக் கட்டுங்கப்பா" என்று கெஞ்சுவார். கடைக்குள் அவர் நடப்பதும் மாறியது. நன்றாக இருந்த வலது காலைச் சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு வைத்தார். வைத்த காலை மறுபடி பார்ப்பார். ஒருநாள் சமதரையிலேயே தடுக்கி மேஜையைப் பிடித்துக்கொண்டார். "பாத்தியா? வந்துடுச்சு" என்றார் அக்காவிடம், ஏதோ பந்தயத்தில் ஜெயித்தவர் போல. அடுத்த வாரம் கைத்தடி வந்தது. கெட்டுப்போகாத காலை மனசே கெடுத்துக்கொண்டிருந்தது. மாடிப்படியில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தவன் அந்தத் தடி தரையில் தட்டும் ஓசையைக் கேட்டான். ஒவ்வொரு தட்டும் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்குப் போனபோது அவனும் கூடப் போனான். காலில் கம்பிகளை ஒட்டி மெஷினில் பார்த்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து அவன் தெரிந்த சாமிகளையெல்லாம் வேண்டிக்கொண்டான். கால் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் தான் சொல்ல வேண்டியிருக்காது. அந்த வேண்டுதலின் பின்பாதி அவனுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வேண்டினான்.

டாக்டர் அப்படியே சொன்னார். "வலது கால் நரம்பு சுத்தமா இருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல."

அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். மாமா தலையை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தார். வராந்தாவில் நின்று மெதுவாகச் சொன்னார்: "மெஷின் ஒண்ணு சொல்லுது, வண்டி ஒண்ணு சொல்லுது. மெஷினுக்கு என்னை இன்னைக்குத்தான் தெரியும். அந்த வண்டிக்கு என்னை எத்தனை வருஷமாத் தெரியும்."

அக்கா அவர் தோளைத் தடவிக்கொடுத்தாள். அவன் பக்கத்திலேயே நின்றான். ஒரே வரி. 'மாமா, ஆயில் தப்பு' என்றால் முடிந்தது. ஆட்டோ கூப்பிடப் போகிறேன் என்று வாசலுக்கு ஓடினான். பிற்பாடு யோசித்துப் பார்க்கும்போதெல்லாம், தப்பான ஆயிலை ஊற்றியதைவிட அந்த வராந்தாவில் வாய்மூடி நின்றதுதான் அவனை அதிகமாக அரித்தது.

மாமா வண்டியை விற்றுவிட முடிவு செய்தார். செடிகள் வளர்த்து விற்கிற பண்ணைக்காரம்மா ஒருத்தி ஒரு விடுமுறை நாளில் பார்க்க வந்தாள். கணீரென்ற குரல், மண் ஒட்டிய செருப்பு, சுற்றிவளைக்காத பேச்சு. அக்கா டீ கொண்டுவந்து வைத்தாள். அவன் கதவோரமாக நின்றான்.

"ஏன்ணே விக்கிறீங்க? வண்டியில ஏதும் வில்லங்கமா?"

"வண்டி தங்கம் மாதிரிம்மா. வில்லங்கம் என் கால்ல" என்று மாமா தடியால் வலது காலைத் தட்டிக் காட்டினார். "மிதிக்கிறது எனக்கே தெரியல. இவன் எங்க மாப்ளை, ஆயில் விஷயத்துல புரொபசர். இப்பத்தான் உசத்தியான ஆயிலா மாத்தினான். கேட்டுக்குங்க."

பண்ணைக்காரம்மா அவனைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினானா இல்லையா என்று அவனுக்கே நினைவில்லை. அவள் சாவியை வாங்கிக்கொண்டு ஒரு சுற்றுப் போனாள். தெருமுனை ஏற்றத்தில் எஞ்சின் கத்தியது வீடுவரை கேட்டது. மாமா காதைத் தீட்டிக்கொண்டு எழுந்தார். திரும்பி வந்து இறங்கியவள் சாவியை மாமாவின் கையில் போட்டாள்.

"அண்ணே, உங்க கால்ல ஒண்ணுமில்ல. கியர் வழுக்குது. நானும் மிதிச்சேன், எனக்கும் அதேதான். மேட்டுல நின்னு அழுதுட்டு அப்புறம் பாயுது. எனக்கு வேணாம்ணே, தப்பா நினைக்காதீங்க." டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

மாமாவின் முகத்தில் வந்த வெளிச்சத்தை என்னவென்று சொல்வது! "அந்தம்மாவுக்கும் வழுக்குதாம்!" என்றார் அக்காவிடம். "கேட்டியா? அந்தம்மாவுக்கும் வழுக்குதாம். அப்ப என் கால்... மாப்ளே, என் கால் நல்லாத்தான் இருக்கு!" வலது காலைத் தூக்கித் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தார். "கிழட்டு வண்டி. வயசாச்சு, பெட்டி தேஞ்சிருக்கும். என்னைப் போட்டு இத்தனை நாள் பாடாய்ப் படுத்திடுச்சு. உன்னோட ஆயில் இல்லேன்னா எப்பவோ நின்னே போயிருக்கும்."

அக்கா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

தப்பிக்க இதைவிட நல்ல வழி அவனே யோசித்திருந்தாலும் கிடைத்திருக்காது. பழி கிழவண்டிமேல் போய்விட்டது. மாமாவின் பயமும் தீர்ந்துவிட்டது. சும்மா நின்றாலே போதும். ஆனால் கடைசியாகச் சொன்ன அந்த வார்த்தை, 'உன்னோட ஆயில் இல்லேன்னா', அதை வாங்கிக்கொண்டு நிற்க அவனால் முடியவில்லை.

"பெட்டி தேயல மாமா" என்றான். "நான் ஊத்தின ஆயில்தான் தப்பு. அது புதுப் பெட்டிக்கு ஊத்துறது. பழசுக்கு ஆகாது."

மாமாவின் சிரிப்பு உடனே போகவில்லை. "அட, அவ்வளவுதானா? தெரியாம நடந்ததுதானே. அதுக்கு ஏன் முகத்தை இப்படி வெச்சிருக்கே?"

"காசு கொடுத்தும் வாங்கல மாமா. கம்பெனிக்காரன் சும்மா கொடுத்தது."

"ஓசி ஆயிலா?" மாமா இப்போது வாய்விட்டே சிரித்தார். "அடப்பாவி, உசத்தி உசத்தின்னு..."

அக்கா சிரிக்கவில்லை. தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உனக்கு எப்பத் தெரியும்?" என்றாள்.

அவன் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டான்.

"எப்பத் தெரியும்னு கேக்குறேன். ஆஸ்பத்திரிக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

"எவ்வளவு முன்னாடி?"

"தலைவலின்னு சொல்லிட்டு வந்தேனே, அன்னைக்கு."

மாமாவின் சிரிப்பு நின்றது. நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தன் இரண்டு பாதங்களையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கடையில ஒரு அலமாரிக் கண்ணாடி அறுக்கணும்" என்று யாரிடமென்று இல்லாமல் சொல்லிக்கொண்டு எழுந்து போனார். அவர் திட்டியிருந்தால், கையை ஓங்கியிருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

திட்டியது அக்காதான். அதுவும் சத்தமில்லாமல். டீக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: "நான் அந்தக் குச்சியை வெச்சு அவர் காலைத் தொட்டுப் பாத்துட்டு இருந்தேன். நீ வாசல்ல நின்னு அதைப் பாத்துட்டு மேல போயிட்டே."

அதற்குப் பிறகு பல வாரங்கள் அவள் அவனிடம் பேசவில்லை. சாப்பாடு மட்டும் வேளாவேளைக்கு மூடி வைத்திருந்தது. வேறு அறை பார்த்துப் போய்விடலாமா என்று அவன் நினைத்தான். மாமாதான், "போயிட்டா அவ இன்னும் ஜாஸ்தியா அழுவா. இருந்து வாங்கிக் கட்டிக்கோ" என்றார்.

அவன் கியர் மெக்கானிக்கின் பட்டறைக்குப் போய், நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, இந்தப் பெட்டிக்கு எது என்று கேட்டான். அவர் நக்கலாகச் சிரித்தார். "புரொபசருக்கே டியூஷனா?" என்றார். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டான். பழைய வகை ஆயிலைத் தன் காசில் வாங்கினான். ஒருமுறை வடித்தால் எல்லாம் வந்துவிடாது. பெட்டியின் மூலைமுடுக்கில் தப்பான ஆயில் தங்கும். வடித்து ஊற்றி, சில நாள் மெதுவாக ஓட்டி, மறுபடி வடித்து ஊற்றினான். வடித்தது கறுப்பாக, தீய்ந்த வாடையோடு வந்தது. தட்டுகள் கொஞ்சம் கருகியிருக்கின்றன, அது இனித் திரும்பாது என்று அந்த வாடையே சொன்னது.

மாமா மறுபடி ஓட்ட ஆரம்பித்தார். கைத்தடியை மாடிப்படிக்கு அடியில் சாத்திவிட்டார். நடையில் தயக்கம் மட்டும் உடனே போகவில்லை. நன்றாக நடந்து போகிறவர் திடீரென்று நின்று வலது காலைப் பார்ப்பார். பிறகு நடப்பார்.

அக்கா ஒருநாள் காலையில், "மேல குழாய் சொட்டுதே, உனக்குக் காது கேக்கலையா?" என்று மாடியைப் பார்த்துக் கத்தினாள். அவன் பாய்ந்து இறங்கி வந்து குழாயைச் சரிசெய்தான். அன்றிலிருந்து பேச்சு வந்துவிட்டது. முன்னைப்போல எல்லாம் இல்லை. அவன் ஏதாவது அடித்துப் பேசினால் அவள் காதுகொடுத்துக் கேட்டுவிட்டு, வேறு யாரிடமாவது இன்னொரு முறை கேட்டுக்கொள்வாள். கடையிலும் அவன் பாடம் சுருங்கிவிட்டது. டிரைவர்கள் தைரியமாக உள்ளே வந்து சீக்கிரம் வெளியே போகிறார்கள். புரொபசருக்கு உடம்பு சரியில்லையா என்று ஓரிருவர் விசாரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணாடி பொருத்த மாமாவோடு அவன் போகிறான். வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. மேடு ஏறும்போது மட்டும் இரண்டாவதிலிருந்து மூன்றாவது கியர் விழுவதற்கு முன் ஒரு சின்னத் தயக்கம் உண்டு. எஞ்சின் லேசாக இரைந்து, பிறகு பிடித்துக்கொள்ளும். மாமா அந்த இடத்தில் காலை இலேசாகத் தளர்த்திக் காத்திருப்பார். பேச்சு நடந்துகொண்டிருந்தால் அங்கே நின்று, கியர் பிடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்தத் தயக்கத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. அந்த ஒரு கணம் முழுவதும் அவன் பக்கத்து ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருப்பான்.